இடதுகைப் பிடி

முகம் கழுவ இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்துத் தண்ணீர் ஏந்தினால் நடுவில் ஒழுகுகிறது. இரண்டு சுண்டுவிரல்களும் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் இடது சுண்டுவிரல் மட்டும் ஒரு நெல்மணி அகலத்துக்கு விலகி நிற்கிறது. சேர் என்றால் சேர்வதில்லை. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. தொட்டால், மெல்லிய துணி சுற்றிய யாருடைய விரலையோ தொடுவதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆழியாறிலிருந்து வால்பாறைக்குச் சைக்கிளில் ஏறி இறங்கினால் திங்கட்கிழமை காலை இப்படி. புதன், வியாழனுக்குள் தானாகச் சரியாகிவிடும். யாரிடமும் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இது ஒரு நோயும் இல்லை. அலுவலகத்தில் சொன்னால் இந்த வயசுல மலையேற்றம் கேக்குதா என்பார்கள். வீட்டில் சொன்னால் சைக்கிள் பரணுக்குப் போய்விடும். விரல் மரத்துப்போனதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. ஒழுகும் தண்ணீரைப் பார்த்த அந்தக் கணமே மனத்தில் எழுந்தது, "நல்ல கிரிப்பா மாத்தணும்" என்கிற எண்ணம். கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்பே எதை வாங்கலாம் என்று கேட்டாகிவிட்டது. இரண்டு வருடத்தில் நான்கு ஜோடி ஹேண்டில்பார் கிரிப் வாங்கியிருக்கிறேன். மேசை இழுப்பறையைத் திறந்தால் கறுப்பும் சாம்பலுமாக, வால்பாறை மழைக்காலத்து அட்டைகள் ரத்தம் குடித்து உப்பிக் கிடப்பதுபோல் கிடக்கின்றன.

கடையில் நாம் கிரிப் தேர்ந்தெடுக்கிற அழகைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். சுவரில் ஜோடி ஜோடியாக அட்டையில் குத்தித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒன்றை எடுத்து, சந்தையில் மாம்பழம் பார்ப்பதுபோல, கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம். அமுங்கினால் மனம் குளிர்ந்துவிடும். ஆனால் கட்டைவிரல் நுனியால் யார் மலை இறங்குகிறார்கள்? நான் முதலில் வாங்கிய ஜோடி அப்படித்தான் வந்தது. உள்ளே ஜெல், மேலே பஞ்சுபோன்ற ரப்பர். கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபோது இதமாகத்தான் இருந்தது. மலை இறக்கத்தில் பத்தாவது நிமிடத்துக்குள் உள்ளங்கை அந்த மெத்தையைத் துளைத்துக்கொண்டு போய், அடியில் இருக்கும் 22.2 மில்லிமீட்டர் குழாயைத் தொட்டுவிட்டது. மலைசைக்கிளின் ஹேண்டில்பார், எந்த நாட்டில் யார் செய்தாலும், கை பிடிக்கிற இடத்தில் இந்த ஒரே அளவுதான். மேலே என்ன போர்த்தினாலும் அடியில் அது காத்திருக்கும். நழுவும் சேற்றில் காலூன்றி நிற்கிறவன் கால்விரல்களை இறுக்குவானே, அதுபோல மெத்தைக்குள் பிடிமானம் கிடைக்காத கை இன்னும் இறுக்குகிறது. இறுக்க இறுக்க மெத்தை நசுங்குகிறது. இதம் என்று வாங்கியது கைக்குக் கூடுதல் வேலை வைத்துவிட்டது. போதாக்குறைக்கு தகரக் கொட்டகையில் ஒரு கோடை முழுக்க நின்றதில் அந்த ரப்பர் பிசுபிசுத்து, பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் உள்ளங்கை ரேகைகளில் கறுப்பு மை ஏறியிருந்தது. ரப்பருக்கு வெயில் பழைய பகை. வெக்கையில் இளகி ஒட்டுகிற கச்சா ரப்பரைக் கந்தகம் சேர்த்து அடக்க சார்லஸ் குட்இயர் 1839-ல் வழி கண்டார் என்று படித்திருக்கிறோம்; கோயம்புத்தூர்ச் சித்திரை அதற்கெல்லாம் அசருவதாகத் தெரியவில்லை.

அடுத்தது சிலிக்கோன். அதில் 30, 32, 34 என்று கனம் உண்டு. இரண்டு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். மெல்லியதைப் பிடித்தால் விரல் நுனிகள் சுற்றிவந்து உள்ளங்கை மேட்டிலேயே குத்துகின்றன. பிடி முடியவேண்டிய இடத்தில் முடியாமல் கை தன்னையே பிடித்துக்கொள்கிறது. தடித்ததைப் பிடித்தால் விரல்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. நழுவாமல் இருக்க முன்கைத் தசை முழுக்க வேலை செய்கிறது. அரைமணியில் முழங்கைக்குக் கீழே கட்டை மாதிரி ஆகிவிடும். நுனிகளுக்கும் மேட்டுக்கும் நடுவே கொஞ்சம் வெளி இருக்க வேண்டும், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது கைக்குக் கை மாறும். கையுறை போட்டால் கணக்கு மறுபடி மாறும். போல்ட் போட்டு முடுக்குகிற லாக்-ஆன் வகையில் ரப்பருக்கு அடியில் கெட்டிப் பிளாஸ்டிக் குழல் ஒன்று உண்டு. அது இடத்தைத் தின்றுவிடுவதால் அதே 32-ல் ரப்பர் குறைவு, அதிர்வு அதிகம். ஆனால் திரும்பாது, மழையில் கழன்று கையோடு வராது. சிலிக்கோனை மாட்ட ஸ்பிரிட் தடவித் தள்ள வேண்டும், கழற்ற பிளேடு வேண்டும். எதைக் கேட்டாலும் எதையோ கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்பாவின் மம்முட்டிக்குப் பிடி போட ஆசாரி வருவார். அளவுகோல் எடுத்து நான் பார்த்ததில்லை. "கையக் கொண்டாங்க" என்று அப்பாவின் கையை வாங்கி, தன் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்து விட்டுவிடுவார். பிறகு வேலமரக் கழியைச் செதுக்கத் தொடங்குவார். நடுநடுவே அப்பா வாங்கி, வீசுவதுபோல் ஒருதரம் ஆட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். இருவருக்கும் நடுவே பேச்சே இருக்காது. மம்முட்டிப் பிடி உருண்டை. கை அதில் மேலும் கீழும் ஓட வேண்டும். அரிவாள் பிடி அப்படியல்ல, சற்றுச் சப்பையான முட்டை வடிவம். இருட்டில் எடுத்தாலும் வெட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். இரண்டிலும் மெத்தை கிடையாது. மெத்தையைக் கைதான் வளர்த்துக்கொண்டது. அப்பாவின் உள்ளங்கையில் நான்கு விரல்களின் அடியிலும் காய்ப்பு, தேங்காய் ஓட்டுத் துண்டு பதித்ததுபோல. இப்படி எழுதும்போது அந்தக் காலத்துப் பிடிகளே மேல் என்று எழுதிவிடத் தோன்றுகிறது. அது பொய். தோப்பில் வாய்க்கால் வெட்டிவிட்டு வந்த நாளில் அப்பா திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் உதறிக்கொண்டே இருப்பார். "கை மரத்துப்போச்சு, அந்தச் சொம்ப எடு" என்பார். மரத்தைப் பிடித்த கை மரமாகிவிட்டது என்று சின்ன வயதில் நேராகவே புரிந்துகொண்டேன். தோல் தடித்துக்கொள்ளும், அதற்கு அடியில் ஓடும் நரம்புக்குக் காய்ப்பு காய்க்கத் தெரியாது.

அந்த நரம்பைப் பற்றி ஒரு பிசியோதெரபிஸ்ட் என் கையிலேயே பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறதே, அதே அல்நர் நரம்புதான். மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேட்டுக்கு அடியில், பட்டாணி வடிவில் ஓர் எலும்பும் கொக்கி வடிவில் ஓர் எலும்பும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. நரம்பு அதன் வழியாகப் போய் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் பிரிகிறது. அந்தச் சந்தை 1861-ல் விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் கியோனின் பெயராலேயே அதைக் கியோன் கால்வாய் என்கிறார்கள். பேனாக் கோட்டின் மேல் ஹேண்டில்பாரை மனத்தில் வைத்துப் பார்த்தேன். உடம்பின் முன்பாரம் முழுக்க அந்தப் பட்டாணிக்கும் கொக்கிக்கும் நடுவேதான் சாய்கிறது. பாலத்துக்கு மேல் லாரியை நிறுத்திவிட்டு அடியில் வாய்க்கால் ஏன் ஓடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இது புதுத் தொல்லையும் இல்லையாம். 1896-லேயே தெஸ்தோ என்ற பிரெஞ்சு மருத்துவர் சைக்கிள் ஓட்டுவதால் வரும் இந்தக் கைவாதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் 600 கிலோமீட்டர் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் 25 பேரின் கைகளைச் சோதித்ததில் 23 பேருக்கு ஏதோ ஒரு தளர்ச்சியோ மரப்போ இருந்தது. இதைப் படித்ததும் எனக்கு வந்தது ஆறுதல்; ஆறுதல் வந்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கம். கூட்டத்தோடு மரத்துப்போனால் மரத்துப்போனது குறைந்துவிடுமா?

சிறகு வைத்த கிரிப்புகள் இந்தச் சந்தைக் காப்பாற்றத்தான் வந்தன. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்து எர்கான் கம்பெனி பரவலாக்கிய வடிவம் அது. உள்பக்கம் உருண்டையாக இருந்து, வெளிப்பக்கம் போகப்போக வாழைத்தார் விரிவதுபோல் அகன்று, உள்ளங்கை மேட்டுக்கு ஒரு திண்ணை போடுகிறது. பாரம் ஒரு கோட்டில் இறங்காமல் பரவி இறங்கும். அரிவாள் பிடிபோல இதற்கும் திசை உண்டு என்பதுதான் இதன் சூட்சுமமும் தொல்லையும். சிறகு ஓரிரு டிகிரி மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு மடிகிறது, நரம்பு இன்னும் நசுங்குகிறது. கீழே தொங்கினால் திண்ணை இருந்தும் உட்கார இடமில்லை. அந்த மாதிரி ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு, அலன் கீயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஞாயிறு முழுக்க வால்பாறைச் சாலையில் நின்று நின்று திருப்பினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்பதால் சோதனைக்குத் தோதான சாலை. நாலாவது வளைவில் ஒரு திருப்பு, ஏழாவதில் அரைத் திருப்பு பின்னால். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ என்கிற இடத்தில், ஆழியாறு அணை கீழே தட்டில் ஊற்றிய பால்போலத் தெரிய, பக்கத்துப் பாறையில் ஒரு வரையாடு கண்ணிமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. செங்குத்துப் பாறையில், எதையும் பிடிக்காமல், நான்கு குளம்புகளையும் ஒரு சாண் இடத்தில் வைத்துக்கொண்டு. நான் கையில் அலன் கீயோடு நின்றிருந்தேன்.

சிறகு உதவியது. எவ்வளவு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அதே மாதத்தில் வேறு இரண்டையும் செய்திருந்தேன். டயர் காற்றை 40 பிஎஸ்ஐ-யிலிருந்து 28-க்கு இறக்கினேன். எஸ்டேட் மண்சாலையின் பல்வரிசை மேடுகள் கைக்கு வருவதற்கு முன்பே பாதி டயரில் கரைந்துவிட்டன. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தது, அதை நிமிர்த்தினேன். ஓட்டும்போதெல்லாம் நான் முன்னால் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன், கைகள் தடுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து பைசா செலவில்லை. கிரிப்புக்கு மட்டும்தான் பணம் கொடுத்தேன், அதனால்தானோ என்னவோ பலனை அதன் கணக்கில் எழுதிக்கொள்ள மனம் அவசரப்படுகிறது. அப்படியும் வலது கை முழுக்கச் சரியானபோது இடது கை பாதிதான் சரியானது. ஒரே சைக்கிள், ஒரே சாலை, ஒரே கிரிப். ஒரு கை மட்டும் ஏன்?

விடை இழுப்பறையில் கிடந்தது. பழைய சிலிக்கோன் ஜோடியை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து வைத்திருந்தேன். ஒருநாள் எதையோ தேடும்போது இரண்டையும் அருகருகே விரித்து வைத்துப் பார்த்தேன், மாட்டுத்தோல் விரித்ததுபோல. வலது கிரிப் ஏறக்குறைய புதுசு. உள்ளங்கை பட்ட இடத்தில் மட்டும் லேசான மினுமினுப்பு. இடது கிரிப்பில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சுற்றுகிற இடம் மொழுமொழுவென்று தேய்ந்து, பள்ளம் விழுந்து, ஓரிடத்தில் விரல்ரேகை அளவுக்குக் கிழிந்தே இருந்தது. அந்த இரண்டு விரல்கள் இவ்வளவு நாளும் தனியாக எதையோ பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. இடது பக்கம் என்ன இருக்கிறது என்று சைக்கிளிடம் போய் நின்று பார்த்த பிறகுதான் உறைத்தது: பின் பிரேக். நம் ஊர் வழக்கப்படி என் சைக்கிளில் வலது லீவர் முன் சக்கரத்துக்கு, இடது லீவர் பின் சக்கரத்துக்கு. இறக்கம் முழுக்க நான் பின் பிரேக்கை மட்டும், விடாமல், இழுத்துப் பிடித்தபடியே வருகிறேன். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் லீவரில். மிச்சம் இரண்டு விரல்கள்தான் என் பாரத்தையும், சாலையின் அதிர்வையும், பயத்தையும் சேர்த்துப் பிடிக்கின்றன. அந்த இரண்டு விரல்களுக்குப் போகிற நரம்பைத்தான் அந்தப் பிசியோதெரபிஸ்ட் பேனாவால் வரைந்து காட்டினார்.

முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவே. இதைக் கேட்காமல் சைக்கிள் பழகிய பிள்ளை நம் ஊரில் உண்டா? வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட காலத்தில் எனக்கு இதைச் சொன்னது பக்கத்து வீட்டு அண்ணன். சொன்னதோடு நிற்காமல் தன் முழங்கால் தழும்பையும் காட்டினான். நாற்பது வருடம் கழித்து, டிஸ்க் பிரேக் போட்ட சைக்கிளில், அந்தத் தழும்புக்குப் பயந்துகொண்டு வலது கையைச் சும்மா வைத்திருக்கிறேன். வேகத்தைக் குறைக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்குத்தான் போகிறது, நிறுத்துகிற சக்தியும் அங்கேதான் இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பௌதிகம் தெரிந்தவனுக்கெல்லாம் தெரியும். தெரிந்து என்ன, இடது கைக்கு யார் சொல்வது? கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸுக்கு அருகே மலைச்சரிவில் 1976 அக்டோபரில் தொடங்கிய ரீபேக் பந்தயத்தைப் பற்றிப் படித்தபோது ஒரு சொந்தம் தோன்றியது. பழைய பலூன் டயர் சைக்கிள்களில்தான் அவர்கள் இறங்கினார்கள். அவற்றில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பின்சக்கர பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பந்தயத்தின் பெயரே அந்த மறு அடைப்பிலிருந்து வந்தது. மலைசைக்கிளின் ஆதிக்கதையிலேயே ஒரு பின் பிரேக் தன் சக்திக்கு மேல் வேலை செய்து வெந்துபோகிறது. அவர்களுக்குக் கிரீஸ் புகைந்தது. எனக்கு விரல் மரத்தது.

இப்போது வலது கைக்குப் பாடம் நடக்கிறது. வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே முன் பிரேக்கை ஒரு விரலால் தொட்டு, விட்டு, தொட்டு. இடுப்பைப் பின்னால் தள்ளி. வளைவுக்குள் இரண்டையும் விட்டுவிட்டு. எழுத எளிது. பதினாறாவது வளைவில் எதிரே அரசுப் பேருந்து வரும்போது உடம்பு கேட்கிற முதல் ஆள் பக்கத்து வீட்டு அண்ணன்தான். பயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், கிரிப் ஒரு சாக்கு என்று முடித்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. அது சாமியார்த்தனமான பேச்சு. பட்டாணிக்கும் கொக்கிக்கும் நடுவே நசுங்குவது நிஜ நரம்பு. அதற்குத் திண்ணை போட்டது நிஜ ரப்பர். நம் மொழி வேறு இந்த விஷயத்தில் குழப்புகிறது. பிடி என்றால் கைப்பிடி, பிடி என்றால் ஒரு கை சோறு, பிடிப்பு என்றால் இடுப்பில் வருவது, பிடிக்கும் என்றால் மனசுக்குப் பிடிக்கும். இந்த மலையில் அந்தியில் தேயிலைக்குள்ளிருந்து சாலைக்கு இறங்கி வருவதும் பிடிதான், கன்றோடு. "இந்த கிரிப் பிடிச்சிருக்கா" என்று கடைக்காரர் கேட்டால் அவர் எதைக் கேட்கிறார், நான் எதற்குத் தலையாட்டுகிறேன்? ஊரில் இளநீர்க் குலைகள் கட்டி மிதிக்கிறவர் தன் ஹேண்டிலில் பழைய டியூப்பைக் கீறி வார்வாராகச் சுற்றியிருப்பார். ஒரு பக்கம் மூன்று சுற்று, இன்னொரு பக்கம் ஐந்து சுற்று. ஏன் அப்படி என்று இதுவரை கேட்டதில்லை. பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த டியூப் சுற்றைப் பார்த்த பிறகுதான் துணிச்சல் வந்தது. இடது பக்கம் சிறகு கிரிப், வலது பக்கம் 30-ல் மெல்லிய லாக்-ஆன். இப்படி மாட்டச் சொன்னபோது கடைப்பையன் அலன் கீயோடு நிமிர்ந்து பார்த்தான். "ஏனுங்ணா, ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல ஷூ போட்ட மாதிரி இருக்குதுங்" என்றான். மாட்டிவிட்டு இரண்டையும் ஒருதரம் முறுக்கிப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டான். மிச்சமான ஒற்றைகள் இரண்டும் இழுப்பறைக்குப் போயின. அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. திங்கட்கிழமை தண்ணீர் இன்னும் ஒழுகத்தான் செய்கிறது, செவ்வாய்க்கிழமை நின்றுவிடுகிறது. நேற்றுச் சைக்கிளைத் துடைக்கும்போது இரண்டு கிரிப்புகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வலதில் உள்ளங்கை படுகிற இடத்தில் ரப்பரின் வரிகள் லேசாக மழுங்கத் தொடங்கியிருக்கின்றன. இடதில் சுண்டுவிரல் சுற்றுகிற இடத்தில், ஒரு பயறு அளவுக்கு, பளபளப்பு ஏறியிருக்கிறது.